நாற்பத்தொரு புள்ளிகள்

வண்டலூரில் ஏறும்போது மணி இரண்டே கால்.
ஓட்டுநர் இருக்கையில் எஸ்தர்,
ஓட்டாமல்.
அதற்குத்தான் சம்பளம்:
ஸ்டீயரிங்கிலிருந்து அரை அங்குலம் தள்ளி
இரண்டு கைகளையும் விடியும்வரை வைத்திருக்க.

பின்னால் நான், மடியில் கணினி,
பக்கத்தில் ஆறிப்போன தேங்காய் போளி.
வெளிவட்டச் சாலையின் வளைவையெல்லாம்
கணக்குக்காகத் திரையில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.
எவ்வளவு தூரம் வந்தோம்,
நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகினோம்,
இந்த இரண்டு எண் போதும் ஒரு வண்டியைச் சொல்ல.
எனக்கு ரெண்டாவது மட்டும் போதும் சார், என்பாள் எஸ்தர்.

நொடிக்குப் பத்து முறை
காரின் மூக்கிலிருந்து பச்சை இழைகள் முளைக்கும்.
இடப்பக்கம் ஒதுங்கினால் இப்படி,
வேகம் குறைத்தால் இப்படி,
இங்கேயே இருந்தால் இப்படி.
ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு
மலிவானதைப் பிடித்துக்கொள்ளும்.
மற்றவை, நூற்றுக்கணக்கில் போகாத பாதைகள்,
எங்கே போகும் என்று மகள் ஒருமுறை கேட்டாள்.
நினைவகத்திலிருந்து விடுவித்துவிடுவோம் என்றேன்.
அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது.

குன்றத்தூர் தாண்டி, வலது தடத்தில்
காட்டுப்பள்ளிக்குப் போகும் கண்டெய்னர் ஒன்று.
முப்பத்தெட்டு கிலோமீட்டர் வேகம்,
தவம் மாதிரி.
வலது தடம் வேகமாகப் போகிறவர்களுக்கு என்று
பலகையில் இருக்கிறது,
என் நிரலிலும் இருக்கிறது.
இடது தடத்தில் விளக்கில்லாமல் தூங்கும் லாரிகள்,
வெள்ளைக்கோட்டின் மேலேயே ஒரு மாடு.
நடுத்தடம் காலி.

இடப்பக்கமாக முந்துவதற்கு
ஆயிரம் என்று எடை போட்டவன் நான்,
போன ஆடியில், ஏசி அறையில்.
கார் காத்திருந்தது.
நசரத்பேட்டை. காத்திருந்தது.
நெமிலிச்சேரி.
பால் வண்டி ஒன்று நீளமாக ஹாரன் அடித்து
நடுவில் புகுந்து,
எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.
சாவு ஊர்வலத்துல கூட முந்துவாங்க சார், என்றாள் எஸ்தர்.

அப்போதுதான் அந்தக் கை.
கண்டெய்னரின் இடது ஜன்னலிலிருந்து
கிளீனர், பையனோ பெரியவரோ,
முழங்கைவரை வெளியே நீட்டி
முன்னோக்கி இரண்டு வீச்சு:
போ. போ.
எஸ்தர் பார்த்தாள். நான் பார்த்தேன்.
கார் இங்கேயே இருந்தால் இப்படி என்றது.

மேடவாக்கம் வந்து பதிவைத் திறந்தேன்.
சட்டகம் சட்டகமாகப் பின்னோக்கி.
இருந்தது!
லேசர் கண்ணில் நாற்பத்தொரு புள்ளிகள்,
கண்டெய்னரின் விளிம்பிலிருந்து அரை மீட்டர் வெளியே.
அடுத்த படியில் இல்லை.
நடுவில் ஒரு வடிகட்டி:
ஐம்பது புள்ளிக்குக் குறைந்தால்
இரைச்சல் எனக் கொண்டு நீக்கு.
பக்கத்தில் என் பெயர், தேதி.
மழைத்துளிக்கும் பூச்சிக்கும் எழுதியது.

ஐம்பதை நாற்பதாக்கலாம்.
ஆக்கினால் ஐப்பசி முழுக்க
கார் கைகளாகவே பார்க்கும்,
வானத்திலிருந்து லட்சம் பேர்
போ போ என்பார்கள்.
சரி, வடிகட்டி பிழைத்து வந்த கைக்குத்தான்
என்ன எடை போடுவது?
ஆயிரத்துக்கு எதிரே எத்தனை?
பீடிச் சாம்பல் தட்டியிருந்தால்?
முன்பின் தெரியாத ஒருவர்
தன் கண்ணால் பார்த்த காலிச் சாலையை
ராத்திரி மூன்று மணிக்கு எனக்கு நீட்டினார்.
வாங்கி வைக்க ஒரு மாறிகூட என்னிடம் இல்லை.

புதுக் கோப்பு ஒன்றுக்குக் கை என்று பெயரிட்டேன்.
உள்ளே இன்னும் எதுவும் எழுதவில்லை.

கீழே சந்தில் தண்ணீர் லாரி பின்னால் வருகிறது.
ஓட்டுநர் கண்ணாடியைப் பார்க்கவில்லை.
யாரோ லாரியின் முதுகைத் தட்டுகிறார்கள்:
வா, வா, வா, வா,
லைட்டா ஒடி,
வா,
ஹோல்டான்.